கம்பிக் கூடு

தேவயானிக்கு மின்சார ஆபீஸில் வேலை கிடைத்தபோது பார்த்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "போனவன் போயிட்டான். போகையில பொண்டாட்டி புள்ளைக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போயிருக்கான்." அவளும் தலையை ஆட்டிக்கொள்வாள். வாரிசு வேலைக்கு வாழ்த்தும் துக்கம் விசாரிப்பும் ஒரே வாயில்தான் வரும்.

அவளுக்குக் கொடுத்த வேலை புகார் போன் பார்ப்பது. பெரம்பலூர் டவுனில் பாதிக்கு, கரண்ட் போனாலும் பீஸ் போனாலும் கம்பி அறுந்து விழுந்தாலும் அவள் மேஜையில்தான் மணி அடிக்கும். "எப்பம்மா வரும்?" என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் கேள்வி. அவள் திருமானூர்ப் பக்கத்துப் பெண். கொள்ளிடத்துத் தண்ணீர் பாயும் நெல் வயல்களுக்கு நடுவில் வளர்ந்தவள், பத்தாவது வரை படித்தவள். முதல் மாதமெல்லாம் மணி இரண்டு மூன்று தடவை அடித்த பிறகுதான் ரிசீவரை எடுப்பாள். திட்டுகிறார்களே என்றில்லை. அவள் புருஷன் இருந்தவரை இதே மேஜையிலிருந்து போகிற சேதியைக் கேட்டுத்தான் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான்.

இளவரசன் அந்த ஆபீஸில் வயர்மேனாக இருந்தான். நல்ல உயரம். அவன் ஏறினால் ஏணியில் பாதி மிச்சம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். வீட்டுக்கு வந்தால் பேச அவனுக்கு விஷயப் பஞ்சமே கிடையாது. சித்திரை பிறந்துவிட்டால் முழுக்கக் காக்காய்க் கதைதான். தேவயானி அடுப்படியில் நிற்பாள். அவன் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பான்.

"டவுன்ல காக்கா சுள்ளிக்கு எங்க போவும் சொல்லு? இருந்த புளியமரம் எல்லாம் ரோட்டுக்குப் போச்சு. ஆனா தெருவுக்குத் தெரு வூடு கட்டுறான். கட்டுக்கம்பி சும்மா கெடக்கு. அதைத் தூக்கிட்டுப் போயி முறுக்கி முறுக்கிச் சொருகுது பாரு, கொத்தனாரு தோத்தாரு. எம்மாங் காத்தடிச்சாலும் அசையாது. ஒரே கொறைதான். கம்பி நுனி லைன்ல பட்டுச்சுன்னா ஏரியாவே இருட்டு."

பிரித்த கூட்டிலிருந்து எதையாவது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவான். வளைந்த ஹேங்கர், டிவி கேபிள் துண்டு, ஒரு தடவை யாருடைய மூக்குக்கண்ணாடியின் காதோ. மகள் மணிமொழி அப்போது ஆறாவது படித்தாள். அதை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, "தாத்தா காக்கா படிக்கிறப்ப போட்டுக்கும்பா" என்று சொல்லிச் சிரித்தது தேவயானிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவன் செத்தது ஒரு வைகாசி மாதத்தில். மேட்டுத்தெரு முனைக் கம்பத்தில் கூடு, தீப்பொறி பறக்கிறது என்று போன் வந்திருக்கிறது. லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறினான். கரண்ட் தாக்கவில்லை. மேலே இருந்தவனைக் காக்காய் ஜோடி விடாமல் பிடரியில் கொத்தியது, ஒரு கை முகத்தை மறைக்கப் போயிற்று, இன்னொரு கை நழுவியது என்று சொன்னார்கள். விழுந்தது சாக்கடைச் சுவரின் விளிம்பில். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. "பெல்ட்டு மாட்டியிருந்தா பொழைச்சிருப்பான்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இடுப்பைக் கம்பத்தோடு பிணைக்கிற பெல்ட் அது. அவன் எப்போதும் மாட்டுகிறவன். அன்றைக்கு ஏன் மாட்டவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

அன்றைக்குத் தேவயானி முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் தமிழ்மாறன் வந்து நின்றான். இளவரசனோடு பல வருஷமாக வேலை பார்த்த ஒப்பந்த ஆள். அவனை அண்ணன் என்றும் இவளை அண்ணி என்றும் கூப்பிடுகிறவன். கையில் இளவரசனின் மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. "அண்ணி, அண்ணன் வுழுந்துட்டாரு" என்று மட்டும் சொன்னான். அவன் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். அதைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பதினாறாம் நாள் கருமாதிக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தது. படைத்த சோற்றில் முதல் பிடியைக் காக்காய்க்கு வைக்க வேண்டும், காக்காய் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைக்கலாம். மாமியார் பாப்பாத்தி மொட்டை மாடியில் இலை விரித்துச் சோறும் வடையும் வைத்துக் கா... கா... என்று கூப்பிட்டாள். தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த காக்காய் உடனே இறங்கியது. தயக்கமே இல்லை. வடையைக் கவ்விக்கொண்டு போனது, திரும்பி வந்தது, இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தியா, எம்மவன் மனசு குளுந்து சாப்புடுறான்" என்று பாப்பாத்தி அழுதாள். சுற்றி நின்ற பெண்களும் அழுதார்கள்.

தேவயானிக்கு அப்போதுவரை அழுகை ஒழுங்காக வரவில்லை. காக்காயின் அலகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்டுத்தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். இது அதே காக்காயாக இருந்தால்? துணிக்கொடியைத் தாங்கி நின்ற மூங்கில் கம்பை உருவி எடுத்து ஓங்கி வீசினாள். இலை கிழிந்து சோறு மாடி முழுக்கச் சிதறியது.

"அவரைக் கொன்னதே இதுதான்! இதுக்கா அவரு பேர்ல சோறு?"

"ஏண்டி பாவி, நீ அடிச்சு வெரட்டுறது எம்மவனைடி" என்று பாப்பாத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த நாளுக்குப் பிறகு மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வெகு காலம் தேவைக்கு மட்டும் பேசினார்கள். பாப்பாத்தி தினம் காலையில் கைப்பிடிச் சோற்றோடு மாடியேறுவாள். அவள் இறங்கி வரும்வரை தேவயானி அந்தப் படிக்கட்டுப் பக்கமே போக மாட்டாள்.

இந்த நிலையில்தான் வேலை வந்தது. அவள் நினைத்துப் பார்க்காத ஒன்று, அந்தப் போனில் வருகிற புகாரில் இத்தனை பறவைகள் இருக்கும் என்பது. யாரோ அவளைச் சீண்டுவதற்கென்றே அனுப்புவது போல வந்துகொண்டிருந்தன.

கோடையில் காக்காய்க் கூடு. அது போக, மீட்டர் பெட்டிக்குள் சிட்டுக்குருவி வைக்கோல் அடைத்திருக்கிறது, பெட்டியைத் திறக்க விட மாட்டேன் என்கிறாள் மகள் என்று ஓர் அப்பா கூப்பிடுவார். தெருவிளக்குக் குழாயின் ஓட்டைக்குள் மைனா குஞ்சு பொரித்துக் காலையிலிருந்து கத்துகிறது என்பார் இன்னொருவர். ஆடி மாதம் வயலெல்லாம் காய்ந்து கிடக்கும்போது டவுனுக்கு வெளியே இருக்கும் குப்பைமேட்டுப் பக்கத்தில் லைன் முழுக்க வெள்ளையாக இருக்கிறது என்று சொன்னார்கள். பஸ்ஸில் போகும்போது தேவயானியே பார்த்தாள். கொக்குகள். அவள் ஊரில் நாற்று நடுகிற பெண்களின் பின்னால் சேற்றில் நடந்துபோகிற அதே உண்ணிக்கொக்கு, இங்கே குப்பை லாரியின் பின்னால் நடந்து புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை இறகெல்லாம் புகை பிடித்துச் சாம்பலாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நாமும் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் ஏறியதும் அந்த நினைப்பை விட்டுவிட்டாள்.

ஐப்பசி மழையில் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும். இருட்டிய பிறகும் தூங்கப் போகாமல் ரெட்டைவால் குருவி விளக்குக் கம்பியில் உட்கார்ந்து அதைப் பிடித்துத் தின்னும். தை மாதம் சாலையோரம் மக்காச்சோளம் காயப்போட்டால் எங்கிருந்தோ சூறைக்குருவிக் கூட்டம் வரும். அவை ஒரே நேரத்தில் எழும்பும்போது கம்பிகள் ஊஞ்சல்போல் ஆடி ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். போன் அடிக்கும். அவள் காலண்டரைப் பார்க்காமலே எந்த மாதம் என்று சொல்லுகிற அளவுக்கு ஆனாள். பிடித்து இதையெல்லாம் கற்றுக்கொள்ளவில்லை. தலையில் வந்து விழுந்தது, ஏந்திக்கொண்டாள்.

புகார்களை எடுத்துக்கொண்டு போகிறவன் பெரும்பாலும் தமிழ்மாறன்தான். கோடையில் அவன் பாடு வேடிக்கையாக இருக்கும். காக்காய்களுக்கு ஆள் அடையாளம் தெரியும். எத்தனையோ கூட்டைப் பிரித்த கை அவனுடையது. டவுனில் அவன் காக்கிச் சட்டையோடு நடந்தால் ஒன்று பின்னாலேயே கத்திக்கொண்டு வரும். சில தெருக்களில் சட்டையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பனியனோடு போவான். ஆபீஸே சிரிக்கும். தேவயானி மட்டும் சிரிக்க மாட்டாள்.

அவனுக்கும் அவளுக்கும் நடுவில் சொல்லாத ஒன்று இருந்தது. அவன் அந்த வேலைக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகப்போகிறது. இன்றுவரை நிரந்தரம் ஆகவில்லை. அவள் வந்த அன்றே நிரந்தரம். ஒரு நாள் டீ குடிக்கும்போது அவனே சொன்னான்.

"அண்ணன் எடத்துல நீங்க ஒக்காந்தீங்க. அது சரிதான் அண்ணி, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. என் எடம் எங்க இருக்குன்னுதான் தெரியல."

தேவயானி அவன் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தாள். அவன் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாவது மார்கழியில் கடைவீதியிலிருந்து ஒரு பெரியவர் தினமும் சாயங்காலம் போன் செய்ய ஆரம்பித்தார். பெயர் ஹபிபுல்லா. லெப்பைக்குடிக்காட்டுக்காரர், டவுனில் துணிக்கடை வைத்திருப்பவர். குளிர்காலத்தில் வந்துபோகும் தகைவிலான் குருவிகள், பகலெல்லாம் ஏரிப்பக்கம் சுற்றிவிட்டு, பொழுது சாய்ந்ததும் அவர் கடைக்கு முன்னால் போகிற கம்பிகளில்தான் வந்து அடையும். காட்டையும் வயலையும் விட்டுவிட்டுக் கடைவீதி வெளிச்சத்துக்கு நடுவில் ஏன் வந்து தூங்குகிறதோ என்று எல்லாரும் கேட்பார்கள். ஆந்தையும் பாம்பும் அங்கே வராது என்பார் யாராவது. கம்பியில் விரல் நுழைய இடம் இருக்காது. கீழே எச்சம் மழையாகக் கொட்டும்.

"எம்மா, புதுச் சேலைய விரிச்சுக் காட்ட முடியலம்மா. ஒங்க கம்பிதானே? நீங்கதான் வெரட்டணும்."

"குருவிய எப்படி பாய் வெரட்டுறது?"

"அந்தக் கம்பிய வேற பக்கம் மாத்துங்க."

"எழுதி அனுப்புறேன் பாய்" என்பாள். மறுநாள் சாயங்காலம் மறுபடி அடிக்கும்.

பொங்கல் நெருங்கியபோது போன் வருவது நின்றுபோயிற்று. கடைவீதிப் பக்கம் வேறு வேலையாகப் போனவள், என்ன ஆயிற்றோ என்று கடைக்குள் எட்டிப் பார்த்தாள். வாசலுக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. ஹபிபுல்லா அவள் குரலை வைத்தே கண்டுபிடித்து, உட்காரச் சொன்னார்.

"வெரட்ட ஆளு வெச்சேம்மா. பட்டாசு கூட வெடிச்சுப் பாத்தேன். எந்திரிச்சுப் போவும், ஒரு சுத்து சுத்திட்டு அங்கனயே வந்து ஒக்காரும். அப்பறம் வுட்டுட்டேன். எங்கயோ பனி பெய்யிற தேசத்துலேர்ந்து வருதாம்ல. மாசி கடைசியில போயிடும், அல்லா நாடுனா மறு வருசம் வந்துடும். எம்மவன் அத்னான் மஸ்கட் போனவன், மூணு பெருநாளா வரல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மேலே தார்ப்பாயில் சடசடவென்று எச்சம் விழுகிற சத்தம் கேட்டது. தேவயானி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மணிமொழிக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதற்கடுத்த சித்திரையில் அந்தப் போன் வந்தது.

"மேட்டுத்தெருலேர்ந்து பேசுறேன். முனையில இருக்குற கம்பத்துல காக்கா கூடு கட்டியிருக்கு. கம்பியெல்லாம் தொங்குது. காலையிலேர்ந்து பட்டுப் பட்டுன்னு பொறி பறக்குது."

தேவயானி, "எந்த முனைம்மா?" என்று கேட்டாள். எந்த முனை என்று தெரிந்தே கேட்டாள்.

"அதான், முன்னாடி ஒருத்தரு வுழுந்து செத்தாரே, அந்தக் கம்பம்."

புகாரை எழுதி முடித்துவிட்டு எழுந்து ஃபோர்மேன் அழகேசனிடம் போனாள். "சார், நானும் கூடப் போவணும்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். இளவரசனை வேலைக்குப் பழக்கியவர் அவர்தான். "வேணாம்மா" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போனை நான் பாத்துக்கறேன். போயிட்டு வா" என்றார்.

இத்தனை நாளில் அவள் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. பஸ்ஸுக்குக்கூடச் சுற்றுவழியில்தான் போவாள். போய் நின்றபோது அது மற்றத் தெருக்களைப் போலத்தான் இருந்தது. முனையில் ஒரு மளிகைக்கடை, எதிரே பாதி கட்டிய வீடு, சாக்கடை. சாக்கடைச் சுவரைப் பார்க்காமல் மேலே பார்த்தாள். கூடு துருப்பிடித்த கம்பியால் ஆன ஒரு பெரிய உருண்டை. தமிழ்மாறன் லைன் நின்றுவிட்டதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டான். ஏணி சாய்த்தான். ஹெல்மெட் போட்டான்.

"பெல்ட்டு" என்றாள் தேவயானி.

"மாட்டிட்டேன் அண்ணி."

"இழுத்துக் காட்டுங்க."

அவன் இழுத்துக் காட்டினான்.

பாதி ஏறியதுமே காக்காய்கள் வந்துவிட்டன. முதலில் இரண்டு. பிறகு தெருவில் உள்ளதெல்லாம் திரண்டது. ஹெல்மெட்டில் டொக் டொக்கென்று கொத்துகிற சத்தம் கீழேவரை கேட்டது. தெரு ஜனம் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. தேவயானி ஏணியின் அடிக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் இன்னும் மோசமாக இருந்தது. திறந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கூட்டைத் தட்டிவிட்டால் ஒரு நொடியில் வேலை முடியும். அவன் ஏனோ தாமதித்தான். தோளில் தொங்கிய துணிப்பைக்குள் எதையோ ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். பிறகுதான் குறட்டால் கம்பியை வெட்டிக் கூட்டைப் பிரித்தான்.

இறங்கியதும் பையைத் திறந்து காட்டினான். சிறகு முளைக்காத மூன்று குஞ்சுகள், சிவந்த வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மளிகைக்கடையில் ஒரு பழைய பிளாஸ்டிக் கூடை வாங்கி, சாக்குத் துண்டு விரித்து, அவற்றை அதில் வைத்து, பாதி கட்டிய வீட்டை ஒட்டி நின்ற வேப்பமரத்தில் ஏறிக் கட்டிவிட்டு வந்தான்.

"எதுக்குத் தம்பி இம்புட்டு மெனக்கெடுறீங்க? உசுரு போற எடத்துல" என்றாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அண்ணன் பழக்குனது."

"என்ன பழக்குனது?"

அவன் கடையோரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். "அன்னைக்கும் குஞ்சு இருந்துச்சு அண்ணி. கூடு கம்பத்துக்கு அந்தப் பக்கம். பெல்ட்டு போட்டுருந்தா கை எட்டல. தட்டி வுட்டுடுங்கண்ணேன்னு கீழேருந்து கத்துனேன். இருடான்னாரு. பெல்ட்டைக் கழட்டிட்டுச் சாஞ்சாரு, எடுத்துப் பையில போட. அப்பதான் பின்னால வந்து கொத்திச்சு."

தேவயானி வேப்பமரத்தில் தொங்கிய கூடையை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"மாடியில நீங்க கம்பெடுத்து வெரட்டுனப்ப நானும் அங்கதான் நின்னேன். காக்கா மேல கோவம் இருந்தா இருந்துட்டுப் போவட்டும், அண்ணன் மேல வந்துடக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

வந்துவிட்டது. அவன் பயந்தபடியேதான் வந்தது. "வூட்டுல எம்புள்ள இருந்துச்சே! அது குஞ்சா தெரியலயா அவருக்கு?" என்று தெரு என்று பார்க்காமல் கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மளிகைக்கடை அம்மாள் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். தேவயானி அந்தச் சாக்கடைச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டாள். கருமாதியன்று வராத அழுகை எல்லாம் அன்றைக்கு வந்தது. தமிழ்மாறன் கொஞ்சம் தள்ளி, வெட்டிய கம்பித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தான்.

அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள். "அந்தக் குஞ்சுங்க என்ன ஆச்சு?"

"அன்னைக்கு யாரு அண்ணி அதைப் பாத்தா? சாயங்காலம் ஏணி எடுக்க வந்தேன். கீழ கெடந்துச்சு. எறும்பு மொய்ச்சிருந்துச்சு."

மறுநாளிலிருந்து அவள் சுற்றுவழியில் போகவில்லை. பஸ்ஸுக்கு மேட்டுத்தெரு வழியாகவே போனாள். முதல் நாள் கூடையருகே காக்காய் எதுவும் இல்லை. செத்துவிடும் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் தாய்க்காக்காய் கூடை விளிம்பில் உட்கார்ந்து, பரோட்டாத் துண்டு ஒன்றைக் கிழித்து ஊட்டிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் கத்தியது. "கத்து, கத்து" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வந்ததும் மணிமொழியிடம் கூடையைப் பற்றித்தான் பேசினாள். மணிமொழி ஒன்பதாவது வந்திருந்தாள். அம்மா இவ்வளவு பேசி வெகு நாளாகியிருந்ததால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் கோடை மழை சூறைக்காற்றோடு வந்தது. டவுனில் பாதி இடத்தில் மரம் சாய்ந்தது. போன் ஓயாமல் அடித்தது. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். காலையில் போய்ப் பார்த்தபோது வேப்பமரக் கிளை முறிந்து தெருவில் கிடந்தது. கூடை சாக்கடையில் மிதந்தது. குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கம்பியால் கட்டிய கூடு அந்தக் கம்பத்திலேயே இருந்திருந்தால் அந்தக் காற்றுக்கு அசைந்திருக்காது. இளவரசன் சொன்னதுதான். அது அவளுக்கும் தெரிந்தது, பக்கத்தில் வந்து நின்ற தமிழ்மாறனுக்கும் தெரிந்தது.

வைகாசி பாதியில் அந்த ஜோடி அடுத்த தெரு டிரான்ஸ்பார்மரில் மறுபடி கம்பி சேர்க்க ஆரம்பித்தது.

ஆடியில் பாப்பாத்தி முட்டு வீங்கிப் படுத்துவிட்டாள். அமாவாசையன்று படுக்கையிலிருந்தே, "தேவயானி, என்னால ஏற முடியலடி" என்றாள். தேவயானி சோற்றில் பருப்பு ஊற்றி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கா... கா... என்று கூப்பிடவில்லை. கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். காக்காய் வந்தது. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. சாப்பிட்டது. அது இளவரசன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவனைக் கொன்றது என்றும் தோன்றவில்லை. பசித்த காக்காய் ஒன்று சாப்பிடுகிறது என்று மட்டும் தெரிந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. முன்பு கோபம் இருந்த இடம் காலியாகிவிட்டது போல இருந்தது. கீழே வந்ததும், "எடுத்துச்சா?" என்று மாமியார் கேட்டாள். "எடுத்துச்சு அத்தை" என்றாள்.

அந்த வருஷமும் ஒப்பந்த ஆட்களை நிரந்தரமாக்கும் பேச்சு எழுந்து அடங்கியது. புரட்டாசியில் தமிழ்மாறன் ஒரு செய்தியோடு வந்தான். ஹபிபுல்லா பாய் மகன் மூலமாக மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன் வேலை. கடைவீதியில் குருவிப் புகாருக்குப் போகப்போய் அவருக்கு இவன் பழக்கமாகியிருந்தான்.

"எத்தினி நாளைக்கு அண்ணி இப்புடியே ஏறிக்கிட்டுக் கெடக்குறது? சுமதியும் போங்கன்னு சொல்லிட்டா" என்றான். சுமதி அவன் மனைவி. சொன்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொல்லியிருப்பாள் என்று தேவயானிக்குத் தெரியும்.

"போயிட்டு வாங்க தம்பி" என்றாள். இருங்கள் என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. அவன் பஸ் ஏறிய அன்று வழியனுப்பப் போனாள். இளவரசன் பேச்சை எடுத்தால் கூடப் பேசுவதற்கு ஆபீஸில் இருந்த ஒரே ஆள் அவன்தான். பஸ் நகர்ந்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "அண்ணி, இங்க யாரு இருக்கா தெரியுமா? நம்ம காக்கா! சாம்பக் கழுத்துக் காக்கா, அப்புடியே நம்ம ஊருதுதான். அந்தக் காலத்துல கப்பல்ல ஏறி வந்துச்சுன்னு சொல்றாங்க. இந்த வெயில்ல எப்புடித்தான் கெடக்குதோ. ஏசி தண்ணி சொட்டுற எடத்துல வரிசையா வந்து நின்னு குடிக்குது."

"நீங்க எப்புடி இருக்கீங்க?"

"இருக்கேன் அண்ணி. ரூமுல எட்டுப் பேரு."

சுமதியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

சுமதி அதற்குப் பிறகு அவ்வப்போது புகார் போனுக்கே கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாள், "அக்கா, எங்க தெருவுல கரண்டு இல்ல" என்றாள். தேவயானி புகார் நோட்டைப் பார்த்தாள். அந்தத் தெருவுக்குப் போகிற லைனில் ஒரு கோளாறும் இல்லை. அவள் பேசும்போதே பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

"அப்புடியா? எப்பலேர்ந்து இல்ல சுமதி?" என்று கேட்டாள்.

சுமதி பேச ஆரம்பித்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம், அவர் அனுப்பிய போட்டோவில் இளைத்திருக்கிறாராம், மழையில் பின்பக்கச் சுவர் ஊறிவிட்டதாம். மேஜையில் இருந்த இன்னொரு போன் அடித்துக்கொண்டே இருந்தது. தேவயானி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ம்... ம்... என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.